புளி விடாத போத்தல்கள்

1

இந்தக் கதை இறைச்சிக் கடையில் கிடைத்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சனிக்கிழமை காலை, ஆட்டிறைச்சி வெட்டித் தரும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வேரோனிக்கா அக்கா திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, நீர் கதை எழுதுறனீர் எல்லோ? நான் ஒருக்கா பிள்ளை பெத்தவள் ஒருத்தியைக் கொல்லப் பாத்தனான். அதை எழுதுமன்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனை மாதமாக ஒரு வரி ஓடாமல் கிடக்கிறேன், கதை தானாக வந்து முன்னால் நிற்கிறது. அவர் இறைச்சியை மறந்து, கையை ஆட்டி ஆட்டி, சிரிப்பில் கண்ணீர் வழிய முழுவதையும் சொல்லி முடித்தார். நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“பிறகு ஆர் அக்கா செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை.”

என் முகம் தொங்கிப்போனதை அவர் கண்டிருக்க வேண்டும். “ஏன், உமக்கு ஆரும் செத்தாத்தான் எழுத வருமோ?” என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார். நான் என் இறைச்சியை வாங்கிக்கொண்டு வந்தேன். இனி எழுதப்போவதுதான் பதில்.

(கடையில் அவர் “அக்கா”, “அவர்”. கதைக்குள் வந்ததும் “வேரோனிக்கா”, “அவள்” ஆகிவிடுவார். முகத்துக்கு நேரே அப்படி அழைக்க எனக்குத் துணிவு கிடையாது.)

2

முதல் தொடக்கம்: “வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. யன்னலருகே நின்ற வேரோனிக்கா தன்—”

நிறுத்தினேன். நடந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணி மாதம். தக்காளி வெடித்துப் பழுக்கும் வெயில். ரொறன்ரோவில் இருந்துகொண்டு பனி இல்லாமல் ஒரு கதை தொடங்க எனக்கு இன்னும் கை வரவில்லை.

இரண்டாவது தொடக்கம்: “செல் குண்டு விழுந்த வீட்டை விட்டு ஓடிவந்த—”

இதுவும் சரிவராது. ஓடிவந்தது உண்மைதான். ஆனால் இறைச்சிக் கடையில் நின்ற அவ்வளவு நேரத்தில் அவர் செல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது முழுக்க உள்ளியை, அதாவது வெள்ளைப்பூண்டைப் பற்றி. அவர் கதையில் அவர் விரும்பாத செல்லை நான் ஏன் போட வேண்டும்?

மூன்றாவது தொடக்கம்: “டக்.”

இதை வைத்துக்கொள்கிறேன். கொதிநீரில் இருந்து எடுத்து மேசையில் வைத்த போத்தல் ஆறும்போது, அதன் தகர மூடி உள்ளே இழுபட்டு எழும் சத்தம் அது. டக் என்றால் காற்றுப் புகாமல் மூடிவிட்டது, குளிர்காலம் முழுக்கக் கெடாது என்று பொருள். வேரோனிக்காவுக்கு உலகத்திலேயே பிடித்த சத்தம் அதுதான் என்று எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். அவரே சொன்னது.

3

ஒஷாவாவுக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில், பழைய பண்ணைவீடு ஒன்றை வேரோனிக்காவும் கணவன் இக்னேசியஸும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இக்னேசியஸுக்கு ஒஷாவாவில் கார்ச் சாமான் செய்யும் பக்டரியில் வேலை. வேரோனிக்காவுக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் காலை வேலை. ஸ்காபரோவில் இருந்த சொந்தக்காரர் எல்லோரும் “உந்தக் காட்டுக்குள்ள என்னெண்டு இருக்கிறியள்?” என்று கேட்டுவிட்டு, திரும்பும்போது காருக்குள் கத்தரிக்காயும் பச்சை மிளகாயும் கோழி முட்டையும் நிரப்பிக்கொண்டு போனார்கள்.

நிலத்தைச் சும்மா விட வேரோனிக்காவுக்கு மனம் வராது. தக்காளி, போஞ்சி, கத்தரி, மிளகாய், முன்வளவு நிறைய உள்ளி. உள்ளியை ஐப்பசியில் ஊன்றி, பனியில் மூடிக் கிடக்கவிட்டு, ஆடியில் பிடுங்க வேண்டும். பிடுங்கிய உள்ளியைக் கட்டுக் கட்டாகக் கராஜில் தொங்கவிட்டிருந்தாள். அந்த மணத்துக்குப் பயந்து இக்னேசியஸ் தன் வேலைச் சட்டையை வேறிடத்தில் மாட்டினார்.

பக்கத்து வீட்டு டோரிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வேரோனிக்காவின் வயதுதான் இருக்கும். கானிங் என்ற வித்தையை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது அவள்தான். முதல் வருடம் தன் பெரிய பானையையும் ஒரு பெட்டி கண்ணாடிப் போத்தல்களையும் தூக்கிவந்து, இருவருமாகப் பீச் பழமும் தக்காளியும் அடைத்தார்கள். போத்தலைக் கழுவு, நிரப்பு, மூடு, கொதிநீருக்குள் மூழ்கவிடு, எடு, சத்தத்துக்குக் காத்திரு. தக்காளிப் போத்தல் ஒவ்வொன்றுக்கும் டோரிஸ் எலுமிச்சைச் சாறு விட்டாள். வெள்ளைக்காரருக்குப் புளிப்பு இல்லாமல் இறங்காது போல என்று வேரோனிக்கா எண்ணிக்கொண்டாள்.

இந்த எண்ணம்தான் கதை. வாசகர் இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.

4

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு அடுக்குமாடியில் இக்னேசியஸின் தங்கை நிரோஷினிக்கு முதல் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. நிரோஷினியின் தாய் ஊரில் அகப்பட்டிருந்தார். கணவன் சீமோனுக்குத் தேத்தண்ணி வைக்கத் தெரியும், அதற்கப்பால் தெரியாது. ஆகவே பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்கும் பொறுப்பு மூத்த மச்சாளான வேரோனிக்காவின் தலையில் வந்து இறங்கியது. யாரும் இறக்கவில்லை, அவளாகவே ஏற்றிக்கொண்டாள் என்பது என் கட்சி.

சரக்குக் கறி என்பது பிள்ளை பெற்ற உடம்பை மீட்டெடுக்கக் கொடுக்கிற கறி. மிளகு, சீரகம், கொத்தமல்லி, மஞ்சள், நிறைய உள்ளி எல்லாம் அரைத்து, பிஞ்சுக் கத்தரிக்காய் போட்டுக் காய்ச்சுவது. அதற்கு ஒரு பெரிய சட்டம் உண்டு: புளி ஆகாது. பழப்புளியோ தேசிக்காயோ ஒரு துளி பட்டாலும் தாயின் வயிற்றுப் புண் ஆறாது, பால் குடிக்கிற பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். இந்துவானாலும் வேதக்காரரானாலும் இந்தச் சட்டத்தை மீறிய யாழ்ப்பாணத்தாரை நான் கண்டதில்லை.

ஒஷாவாவில் இருந்து தினமும் வெக்ஸ்போர்ட்டுக்குச் சமைத்துக்கொண்டு ஓட முடியுமா? வேலை இருக்கிறது, கோழி இருக்கிறது, கத்தரி காய்த்துத் தள்ளுகிறது. அப்போதுதான் மேசையில் கிடந்த வெறும் போத்தல்கள் அவள் கண்ணில் பட்டன. பீச் பழம் அடைக்கலாம் என்றால் சரக்குக் கறி ஏன் அடைக்க முடியாது?

அடைத்தாள். ஒருதரம் காய்ச்சிய கறியைப் போத்தலுக்குள் விட்டு, டோரிஸ் காட்டிய நேரத்தைவிடக் கூடக் கொதிக்கவிட்டாள். எல்லாம் டக் டக் என்று மூடிக்கொண்டன. புளி? ஒரு துளி இல்லை. அவள் மனச்சாட்சி அவ்வளவு சுத்தம்.

இக்னேசியஸ் ஒரு ஞாயிறு பூசைக்குப் போகும் வழியில் பெட்டியைத் தங்கை வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். அதன்பிறகு வேரோனிக்கா தினமும் போன் அடித்தாள்.

“கறி சாப்பிட்டனியோ?”

“ஓம் மச்சாள்.”

“எப்பிடி?”

“நல்லாயிருக்கு மச்சாள்.”

(இந்த உரையாடலை முதல் பிரதியில் முழுப்பக்கம் எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். நிரோஷினி ஒருபோதும் இதைவிட அதிகமாகச் சொல்லவில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டியவள் வேரோனிக்கா. அவளும் கவனிக்கவில்லை.)

5

ஒரு வியாழக்கிழமை. காலையில் போன் எடுத்தபோது நிரோஷினியின் குரல் சோர்ந்திருந்தது.

“ஏன் ஒருமாதிரிக் கதைக்கிறாய்?”

“நித்திரை இல்லை மச்சாள். கண்ணெல்லாம் மங்கிப்போய்க் கிடக்குது. பால் போத்தில் ரெண்டாத் தெரியுது.”

“உள்ளியை விடாமச் சாப்பிடு. எல்லாம் சரிவரும்.”

மத்தியானம் வேலையால் வந்து வேரோனிக்கா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது, டோரிஸ் ஒரு கூடை பேரிக்காயோடு வந்தாள். சேர்ந்து அடைக்கலாம் என்று வந்தவள், சமையலறைத் தட்டில் மிஞ்சியிருந்த ஒரு போத்தலைக் கண்டு கையில் எடுத்தாள்.

(டோரிஸ் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் தருகிறேன். அவளுக்கு யாழ்ப்பாணத் தமிழ் கொடுத்துப் பார்த்தேன், எங்கள் பெரியம்மா மாதிரி ஆகிவிட்டாள்.)

“இது என்ன?”

“கறி. கத்தரிக்காய், உள்ளி. நான் அடைத்தது.”

“எவ்வளவு வினிகர் விட்டாய்?”

“ஒரு துளியும் இல்லை,” என்றாள் வேரோனிக்கா பெருமையோடு.

“எலுமிச்சை?”

“இல்லவே இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு.”

டோரிஸ் போத்தலை மெதுவாகத் திரும்ப வைத்தாள். கூடையையும் கீழே வைத்தாள். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து சொன்னாள். புளிப்பு ருசிக்காக விடுவதல்ல. புளிப்பு இல்லாத காய்கறியைக் காற்றில்லாமல் அடைத்தால் உள்ளே ஒரு கிருமி விழித்துக்கொள்ளும். கொதிநீரில் அது சாகாது. அதைக் கொல்லக் கனத்த அழுத்தப் பானை வேண்டும். அது நம் இருவரிடமும் இல்லை. அந்தக் கிருமி விடும் நஞ்சுக்கு மணம் இல்லை, ருசி இல்லை. உள்ளி அதற்கு மிகவும் உகந்த இடம்.

“எல்லாப் போத்தலும் அப்படி ஆகும் என்று இல்லை. ஆகாமலும் இருக்கலாம். ஆனால் அப்படி ஆகிவிட்டால்...”

“ஆகிவிட்டால் என்ன நடக்கும்?”

“முதலில் கண் மங்கும். எல்லாம் இரண்டாகத் தெரியும்.”

வேரோனிக்கா கையில் இருந்த தீனிக் கிண்ணத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

6

போன் அடித்தாள். எங்கேஜ். மறுபடி அடித்தாள். எங்கேஜ்.

“பேசிக்கொண்டிருக்கிறாள்,” என்றாள் வேரோனிக்கா. “பேசினால் உயிரோடு இருக்கிறாள்தானே?”

“அல்லது போன் கையிலிருந்து விழுந்திருக்கலாம்,” என்றாள் டோரிஸ். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் இக்னேசியஸ் மேல் எனக்குச் சந்தேகம். அவர் கதையில் செய்தது பெட்டி இறக்கியது மட்டும். இப்போது காரை எடுத்துக்கொண்டு பறந்து வந்தால் ஒரு கதாநாயகன் ஆகலாம். ஆனால் அன்றைக்கு அவருக்குப் பின்னேர வேலை. மெசின் இரைச்சலுக்குள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றார். ஆகவே இக்னேசியஸை அங்கேயே விட்டுவிடுவோம், பாவம்.

இன்னொன்றும் கேட்பீர்கள். அம்புலன்ஸுக்கு ஏன் அடிக்கவில்லை? நானும் கேட்டேன். “அதை இப்ப கேளும்,” என்றார் அக்கா. “அப்ப எனக்கு மூளை எங்க இருந்தது?” புத்தியுள்ளவர்கள் அம்புலன்ஸுக்குத்தான் அடிக்க வேண்டும். பயந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரியின் ட்ரக்கில் ஏறுகிறார்கள்.

டோரிஸின் ட்ரக் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் மேற்கே ஓடியது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், வாழ்க்கையில் முதல்முறையாக வேகக் கட்டுப்பாட்டை மீறினாள். பக்கத்தில் வேரோனிக்கா செபமாலையை உருட்டினாள். மன்றாட்டு ஒழுங்காக வரவில்லை. “மாதாவே, பிள்ளை பால் குடிச்சிருக்குமே, பாலுக்குள்ள போயிருக்குமே” என்றுதான் வந்தது. தான் கொன்றுவிட்டேன் என்று அவள் நம்பிவிட்டாள். ஊரில் இருக்கிற மாமியாருக்கு எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வசனம் கட்டிப் பார்த்தாள். “மாமி, நான் நல்லதுக்குத்தான்—”. அதற்குமேல் அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

7

முடிவு அ.

“கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. குசினித் தரையில் நிரோஷினி—”

எழுதினேன், மறைக்கவில்லை. நன்றாகவே வந்தது. சவப்பெட்டி, கோயில், கறுப்புச் சீலை, போத்தல்களை ஒவ்வொன்றாக உடைக்கும் வேரோனிக்கா. படித்தவர்கள் கண் கலங்குவார்கள். அன்று பின்னேரம் அந்தப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் இருந்தேன். வரிசையில் நின்று சிரித்துச் சிரித்துக் கண் துடைத்த பெண் நினைவுக்கு வந்தார். அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பிணத்தைக் கொடுக்க நான் யார்? கிழித்தேன். கிழித்தபோது எனக்கே மூச்சு வந்தது.

முடிவு ஆ, ஆஸ்பத்திரி. நிரோஷினி தப்புகிறாள், ஆனால் பல மாதம் மெசினில் மூச்சு விடுகிறாள். இது பேடித்தனம். கொல்லவும் துணிவில்லை, விடவும் மனமில்லை. இதற்கு ஒரு பந்திதான் எழுதினேன்.

நடந்ததையே எழுதுகிறேன்.

8

நிரோஷினி வீட்டு அழைப்புமணிப் பொத்தானை அமத்தியதும் கதவு திறந்தது. அவள் வாயோரத்தில் பாண் ரொட்டித் துகளோடு, தோளில் பிள்ளையோடு நின்றாள். போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தாள், மணி அடித்தால் பிள்ளை எழும்பிவிடும் என்று.

வேரோனிக்கா அவள் முகத்தை இரு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“என்னைப் பார். இது எத்தினை விரல்?”

“மூண்டு. என்ன மச்சாள், உங்களுக்கு என்ன?”

“வாய் குழறுதோ? விழுங்க ஏலுதோ? போத்தில் கறி எத்தினை சாப்பிட்டனி?”

நிரோஷினிக்கு முகம் வெளுத்தது. அகப்பட்டுவிட்டோம் என்று நினைத்தாள். மச்சாள் திடீரென்று ஒரு வெள்ளைக்காரியையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார், வேறென்ன நினைப்பாள்?

“எல்லாம் சாப்பிட்டு முடிச்சிட்டன் மச்சாள். ஒண்டும் எறியேல்லை. சத்தியமா.”

வேரோனிக்கா சப்பாத்துக் கழற்றும் இடத்தில், சீமோனின் செருப்புகளுக்கு நடுவில், அப்படியே இருந்துவிட்டாள். “எல்லாமோ? ஐயோ பிள்ளை, எல்லாமோ?” அதைக் கண்டு டோரிஸ் போனை எடுக்க ஓடினாள். ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடு, சீமோனைக் கூப்பிடு, பிள்ளைக்கு இனிப் பால் கொடுக்காதே என்று வேரோனிக்கா அழுதழுது சொன்னாள். கறிக்குள் நஞ்சு இருக்கலாம் என்பதைக் கடைசியில்தான் சொன்னாள்.

நிரோஷினி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, குளிர்கால ஜக்கட்டுகள் தொங்கும் அலுமாரியைத் திறந்தாள். பூட்ஸ்களுக்குப் பின்னால், ஒரு கம்பளிக்குக் கீழே, போத்தல்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்றின் மூடிகூட அசையவில்லை.

“எனக்கு அந்த மணம் ஏலாது மச்சாள். முதல் நாள் பெட்டியைத் திறந்த உடனேயே குமட்டிச் சத்தி வந்தது. எறிய மனம் வரேல்லை. சீமோன் ஒளிச்சுக் கொண்டுவந்து தாற கோழிப் பொரியலும் பாணும்தான் சாப்பிட்டனான்.”

“நீ நல்லாயிருக்கு எண்டு சொன்னியே.”

“நீங்கள் வேலைக்கும் போய், தோட்டத்திலயும் நிண்டு, சமைச்சு அனுப்பினனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?”

டோரிஸுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் அலுமாரியைக் கண்டதும் எல்லாம் விளங்கிவிட்டது. போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். வேரோனிக்காவும் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். தன் கறியை ஒருத்தி வாயில் வைக்கவில்லை என்பதற்காக அவளுக்கு அவ்வளவு சந்தோசம்.

“ஒரு சமையல்காரிக்கு இப்பிடி ஒரு சந்தோசம் வரக்கூடாது தம்பி,” என்றார் அக்கா கடையில். “என்ர கறியால அவளுக்குச் சத்தி வந்தது எண்டதுக்கு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்.”

9

டோரிஸ் போத்தல்களைத் திறக்காமலே குப்பைப் பைகளில் சுற்றிக் கட்டி ட்ரக்குக்குக் கொண்டுபோனாள். வேரோனிக்கா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முகம் கழுவிய நிரோஷினி எதிரே சோபாவில் இருந்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவளுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. ஊரிலிருந்து லைன் கிடைக்கிற நேரமெல்லாம் தாய் சொன்னார். கோயிலால் வந்த அன்ரிமார் சொன்னார்கள். ஆஸ்பத்திரித் தாதி வேறொன்று சொன்னாள். வேரோனிக்கா தினமும் போனில் சொன்னாள். அதெல்லாம் அன்புதான். ஆனால் அவ்வளவு அன்புக்கும் அலுமாரிக்குள்தான் இடம் கிடைத்தது.

வேரோனிக்கா திட்டவில்லை. குழந்தையின் காலைத் தடவிக்கொண்டு கேட்டாள்:

“சரி, சொல்லு பிள்ளை. உனக்கு என்ன சாப்பிட ஆசை?”

நிரோஷினி அதற்குப் பதில் சொன்னாள். அந்தப் பதிலை எழுதத்தான் இவ்வளவு நாளும் முக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிரதியில் “ஒடியற்கூழ்” என்று எழுதினேன். பார்த்தால் அது என் ஆசை. இன்னொன்றில் “பீட்சா” என்று எழுதினேன், நீங்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக. மூன்றாவதில் “கொஞ்ச நித்திரை” என்று எழுதினேன். அழகாக இருந்தது, ஆனால் அவளை என்ன கேட்டார்கள், நான் என்ன சொல்ல வைத்தேன்? மூன்றையும் அடித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை இறைச்சிக் கடைக்கே போய் அக்காவைக் கேட்டேன்.

“என்ன சொன்னவ அக்கா?”

“அது அவள் எனக்குச் சொன்னது,” என்றார். இறைச்சிப் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன். நிரப்புவது உங்கள் பாடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உங்களுக்குப் பிடித்ததையோ அவள் உடம்புக்கு நல்லதையோ அவள் வாயில் வைத்துவிடாதீர்கள். அதைத்தான் எல்லோரும் செய்தார்கள்.

“எனக்கு, மச்சாள்,                              ”

வேரோனிக்கா பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சமைக்கக் குசினிக்குள் போகிறாள்.